படியில்லாத பீடம்

நுகுஅலோஃபா தேவாலயத்துக்குப் புன்னை மரத்தில் பிரசங்க பீடம் செய்ய வவாவு தீவிலிருந்து வந்திருந்தார் தச்சர் செமிசி. முடிந்த வேலையைப் பார்த்ததும் மூப்பர் மோசேசே குதித்தார்.

“என்னய்யா, ஏற ஒரு படிகூட இல்ல! சறுக்கு மரம் மாதிரி சரிவா வச்சிருக்கே. பீடமும் குட்டை!”

“புதுசா வர்ற போதகருக்கு இதுதான் சரியா இருக்கும், மூப்பரே.”

“அவரை நானே இன்னும் பார்க்கல. நீ எங்க பார்த்தே?”

“பார்த்தேனாவா? தோள்ல தூக்கிச் சுமந்திருக்கேன்.”

“கொழுப்புய்யா உனக்கு!”

ஞாயிறன்று புதிய போதகர் லூப்பே, தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு சரிவில் ஏறினார். சபையை ஒருமுறை பார்த்துவிட்டு, “அளவு கச்சிதம், அப்பா” என்றார்.

இதுவரை எல்லாத் தேவாலயங்களிலும் மகளைத் தூக்கியே மேடையேற்றிய செமிசி, இன்று கைகளைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.