கழலாத சென்சார்

சென்சாரைப் பார்த்ததுமே, அது தானாகக் கெட்டதில்லை என்று மெக்கானிக் ஜீவானந்தத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஜாக்கியில் தூக்கிய பழைய காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். சைலன்சர் குழாயில் திருகியிருந்த ஆக்ஸிஜன் சென்சாரின் தலை நசுங்கி, ஒயர் பிய்ந்து தொங்கியது. எதன் மேலோ வண்டி பலமாக ஏறி இறங்கியிருக்கிறது.

வெளியே நாற்காலியில் சின்னராஜ் உட்கார்ந்திருந்தார். காரின் சொந்தக்காரர், பல வருட வாடிக்கை. ஜீவானந்தத்தின் தங்கை கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறியவர்.

“நேத்துலேர்ந்து இன்ஜின் லைட்டு எரியுதுங்க. வண்டி திணறுது, பெட்ரோலும் நெறையக் குடிக்குது. ஸ்பீடு பிரேக்கர்ல இடிச்சிருக்கோணும்” என்று வந்ததும் சொல்லியிருந்தார். பழுது காட்டும் ஸ்கேனரும் சென்சார் என்றே காட்டியது. ஜீவானந்தம் வேறெதுவும் நினைக்கவில்லை.

டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்தினார். பக்கத்துக் கிளாம்பில் என்னவோ சுற்றியிருந்தது. பிடித்து இழுத்தார்.

சூட்டில் பாதி உருகிய பிளாஸ்டிக் ஒயர். சிவப்பும் பச்சையுமாகப் பின்னிய கூடை ஒயர்.

டார்ச் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முந்தின நாள் விடிகாலையில், எடப்பாடி ரோட்டில் கீரை விற்கப் போன ஜானகியம்மாளை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. இன்னும் நினைவு திரும்பாமல் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ரோட்டில் நசுங்கிக் கிடந்த அவருடைய கூடையின் படம், போலீஸ் நம்பரோடு எல்லார் போனுக்கும் வந்திருந்தது.

அதே சிவப்பு. அதே பச்சை.

படுத்தபடியே போட்டோ எடுத்தார். பட்டறை இருக்கும் இடத்தை எழுதி அந்த நம்பருக்கு அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. ஆளை விட்டுவிடாதீர்கள், வருகிறோம்.

பழைய சென்சார் நாலு திருகில் கையோடு வந்துவிட்டது. புதியதை மாட்டி, ஒயரைச் சேர்த்து, இறுக்கியும் ஆயிற்று. ஆனால் அவர் வெளியே வரவில்லை. ஸ்பானரால் வெறும் குழாயைத் தட்டிக்கொண்டே கிடந்தார்.

“துருப் புடிச்சுக் கெடக்குதுங்கண்ணா. கழல மாட்டேங்குது.”

தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

“மெதுவாவே பாருங்க சாமி. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க.”

சக்கரங்களுக்கு நடுவே சின்னராஜின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவேயில்லை. அந்த ஒயரைப் பேசாமல் குப்பையில் வீசியிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணம், முகம் தெரியாத ஒரு அம்மாள் ரோட்டில் கிடப்பது கண்ணுக்குள் வந்தது. இன்னும் பலமாகத் தட்டினார்.

ஜீப் சத்தம் கேட்டது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். போலீஸ் ஜீப்தான். வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பட்டறையின் பெயர்ப் பலகையைப் புளியமரக் கிளை மறைத்திருந்தது. தெரியாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாற்காலி சாய்ந்து விழுந்தது. சின்னராஜின் கால்கள் ரோட்டை நோக்கி ஓடின.

விட்டுவிட்டோம் என்று பதறி, புரண்டு வெளியே வந்தார் ஜீவானந்தம். “அண்ணா, நில்லுங்க!”

சின்னராஜ் நின்றுதான் இருந்தார். நடு ரோட்டில், இரண்டு கைகளையும் தூக்கி, போகிற ஜீப்பைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

“இங்கதானுங்க! நீங்க தேடற ஆளு நானு இங்கதான் இருக்கறனுங்க!”