ஒரு சாண் மேலே

மனைவியோடு சண்டையிட்ட அழகுசுந்தரம், கத்தியும் கையுமாக அணைச்சுவரில் ஏறி, மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, கிட்டே வந்தால் குத்திவிடுவதாக மிரட்டியபடி நின்றான். நூறு மீட்டர் தள்ளியிருந்த இன்ஸ்பெக்டர் மரகதவல்லியிடம் கைத்துப்பாக்கி மட்டுமே இருந்தது. அத்தனை தூரத்தில் குண்டு ஒரு சாண் இறங்கிவிடும். அவன் இடுப்பில் பட வேண்டுமென்றால் ஒரு சாண் மேலே குறிவைக்க வேண்டும். அங்கே குழந்தையின் முதுகு இருந்தது.

"எங்க குறி வைக்கிறீங்க மேடம்?" என்றாள் பக்கத்தில் நின்ற அவன் மனைவி.

"இடுப்புலதாம்மா."

அவள் குனிந்து குழலின் நேரே பார்த்தாள்.

"ஐயோ, பாப்பாவைச் சுடப்போறாங்க!"

அலறல் அவனுக்கும் கேட்டது. கத்தியை வீசிவிட்டு, குழந்தையை மறைத்துச் சட்டெனத் திரும்பிக்கொண்டான். இப்போது துப்பாக்கியின் எதிரே அவன் முதுகு மட்டும்தான்.

"சுடுங்க, இதான் சான்ஸ்," என்றது வாக்கிடாக்கியில் மேலதிகாரியின் குரல்.

மரகதவல்லி விசையிலிருந்து விரலை எடுத்தாள்.