இரவல் உலக்கை

"அக்கா, ஒலக்கைய கொஞ்சம் குடுங்க. வெளக்கு வச்சதும் கொண்டாந்து தந்துடறேன்."

காலையில் வந்து கேட்டவள் பக்கத்து வீட்டு பெர்னதெத். ராஜாம்பாளும் மூலையில் சாத்தியிருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் யோசித்தாள்.

அந்த வீட்டில் நெல் ஏது? ராஜாம்பாள் வீட்டுக்காவது ஊரிலிருந்து மூட்டை வரும். அவர்கள் கடையில் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். உரல்கூடக் கிடையாது. உரல் இல்லாதவளுக்கு உலக்கை எதற்கு?

உலை வைத்தாள், பாதியில் இறக்கினாள். துணியை நனைத்தாள், அலசாமலே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

பெர்னதெத்தின் புருஷன் லூர்துநாதனைத் தெருவில் எல்லோருக்கும் பிடிக்கும். மில்லில் வேலை. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும், எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் அவன் பாஷையில் ஒரு 'போன்ழூர்' வணக்கம் சொல்லாமல் தாண்டமாட்டான். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியைக் கையைப் பிடித்துத்தான் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவான். அந்தக் கை வீட்டுக்குள் என்ன செய்யும் என்பது ராஜாம்பாளுக்கு மட்டும் தெரியும். நடுவில் இருப்பது ஒரே சுவர்.

அவனை அடித்துக் கொன்றுவிடப் போகிறாளோ?

கொல்லட்டும், பாவி ஒழியட்டும் என்றது ஒரு மனசு. பிறகு ஜெயிலுக்கு யார் போவது? அதைவிட, உலக்கை அவன் கையில் சிக்கிவிட்டால்? இடுப்புவார் போதாதென்று நானே தடி எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடாதா? திருப்பிக் கேட்டுவிடலாம் என்று இரண்டொரு தடவை படி இறங்கினாள். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் திரும்ப ஏறிவிட்டாள்.

சாயந்திரம் மில் சங்கு ஊதியது.

ஜோடு சத்தம், எதிர்வீட்டுக்கு ஒரு போன்ழூர், கதவு, தாழ்ப்பாள். எல்லாம் வழக்கம்போல. விளக்கு வைக்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருண்டது.

ராஜாம்பாள் பழக்கதோஷத்தில் மூலைக்கு ஓடினாள்.

மூலை காலியாக இருந்தது.

அவன் கை ஓங்கும்போதெல்லாம் ராஜாம்பாள் உரலில் குத்த ஆரம்பித்துவிடுவாள். நெல் இல்லாவிட்டால் தவிடு. தவிடும் இல்லாவிட்டால் வெறும் உரல். தம் தம்மென்று, அலறல் அடங்கும்வரை குத்துவாள். ஒரு குடும்பத்து மானம் நாலு பேர் காதில் விழக்கூடாது. பெண்ணுக்குப் பெண் செய்கிற உதவி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கை கொப்பளித்தாலும் நிறுத்தியதில்லை.

இன்றைக்குக் குத்த உலக்கை இல்லை.

பெர்னதெத்தின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு அஞ்சலாட்சி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். தெருக்கோடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யாரோ கதவை உதைத்தார்கள், தாழ்ப்பாள் பெயர்ந்தது.

லூர்துநாதன் கையில் வாரோடு நின்றான். கூட்டத்தைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். பதிலுக்கு யாரும் சிரிக்கவில்லை.

அஞ்சலாட்சி உள்ளே போய் பெர்னதெத்தைத் தூக்கி நிறுத்தினாள். உதடு கிழிந்திருந்தது. வெளியே வருமுன் பெர்னதெத் மெல்லக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த உலக்கையை இழுத்தாள். அதை ஊன்றிக்கொண்டே வாசலுக்கு வந்து, கூட்டத்தில் நின்ற ராஜாம்பாளிடம் நீட்டினாள்.

"இந்தாங்கக்கா. இனிமே நெல்லு இருந்தா மட்டும் குத்துங்க."