துரை கொண்டுவந்த படம்

வடக்கு எல்லைக் கிராமங்களைப் படமெடுக்க வந்த துரை, வீட்டுக்குள் வெளிச்சம் போதாதென்று யாங்சோமின் குடும்பத்தைப் பனியில் உட்காரவைத்தான். நகை தெரியவேண்டுமென்று கம்பளிப் போர்வையையும் எடுக்கச் சொன்னான்.

“கைப்புள்ள இருக்குதுங்க துரை,” என்றாள் யாங்சோம்.

“ஆடாம உக்காரு,” என்று மொழிபெயர்ப்பாளன் அதட்டினான்.

அன்று கண்ட சளியில் குழந்தை செத்துப்போயிற்று.

அடுத்த கோடையில் துரை மறுபடி வந்தான். அந்தப் படம் அவன் ஊரில் பரிசு வாங்கியதாம். ஆட்டுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தவளிடம் ஒரு பிரதியை நீட்டிவிட்டு, கும்பிடுவாள் என்று நின்றான். யாங்சோம் வெகுநேரம் பார்த்தாள். கத்தரியால் குழந்தையை மட்டும் வெட்டியெடுத்து மார்புத் துணிக்குள் வைத்துக்கொண்டாள். தன்னையும் புருஷனையும் பின்னாலிருந்த மலையையும் துரையின் பூட்ஸின் மேல் போட்டாள்.

“மிச்சத்த நீயே வச்சுக்க.”