விட்ட பிடி

"ஒண்ணு, என் பொண்டாட்டியக் கண்ணுல காட்டுங்க. இல்ல, இந்த ஆஸ்பத்திரியவே அடிச்சு நொறுக்கிடுவேன்!"

குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பி அவன் கையில் இருந்தது. காலையில் வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்த தச்சன். தலைமுடியெல்லாம் மரத்தூள்.

மேசைக்குப் பின்னால் நின்றவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ரிசப்ஷன் அக்கா என்றுதான் ஆஸ்பத்திரியே அவளைக் கூப்பிடும். வாசல் காவலாளியைத் தேடினாள். நாற்காலியில் அவன் தொப்பி மட்டும் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, உள்ள ஆபரேஷன் நடந்துட்டிருக்கு. கொஞ்சம் உட்காருங்க..."

"காலைலேர்ந்து இதையேதான் சொல்றீங்க! பிரசவத்துக்கு வந்தவளுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?"

கம்பி மேசைமேல் இறங்கியது. கம்ப்யூட்டர் திரை சிதறியது. காத்திருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

ஓட அவளுக்கு வழியில்லை. பின்னால் சுவர். முன்னால் அவன். முழங்கால் இரண்டும் கழன்றுவிடும்போல ஆடின.

'மூச்சு வயித்துக்குப் போகட்டும். பாதம் தரையில பதியட்டும்.'

குங்ஃபூ வகுப்பில் தினமும் காதில் விழும் வார்த்தைகள். இடுப்பு வலி தாங்காமல் போய்ச் சேர்ந்த வகுப்பு அது. கூட்டிக்கொண்டு போனதே இங்கே வேலை பார்க்கும் டாக்டரம்மாதான்; அவர் பல வருஷமாக அங்கே கற்றுக்கொள்கிறவர். "இந்த வயசுல கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்கப் போறியாக்கும்?" என்று வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நின்றாள். வலி போயிற்று. எதற்கெடுத்தாலும் படபடக்கிற நெஞ்சும் கொஞ்சம் அடங்கியிருந்தது.

மூச்சை இழுத்தாள். கீழே விழாமல் நிற்க முடிந்தது. அவ்வளவுதான். கம்பி மறுபடி உயர்ந்தது.

"அவங்கள விடுங்க. உங்க வீட்டம்மாவைப் பார்த்த டாக்டர் நான்தான்."

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டரம்மா வந்திருந்தார். பச்சை உடுப்புகூட மாற்றவில்லை.

"என்னடி பண்ணீங்க அவள?"

தச்சன் பாய்ந்தான். கம்பி நேரே டாக்டரம்மாவின் தலைக்கு வந்தது.

ரிசப்ஷன் அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எதுவோ தரையில் உருளும் சத்தம். திறந்து பார்த்தாள். கம்பி ஒரு மூலையில் கிடந்தது. தச்சனின் மணிக்கட்டு டாக்டரம்மாவின் இரண்டு கைகளுக்குள் இருந்தது. ஆறடி ஆள் வலியில் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தான்.

அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். வகுப்பில் மாஸ்டர் யாரையும் அதற்குமேல் போக விட்டதில்லை. இன்னும் கொஞ்சம் திருகினால் எலும்பு விட்டுப்போகும்.

'திருகிடுங்க டாக்டரம்மா. திருகிடுங்க!'

டாக்டரம்மா விட்டுவிட்டார்.

விட்ட கையாலேயே அவன் ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்தது. அப்போதும் டாக்டரம்மாவின் கை எழவில்லை. மறுபடியும் ஓங்கினான். அவர் நகராமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அப்புறம் பெஞ்சில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள் ரிசப்ஷன் அக்கா. பயம் கொஞ்சம் விலகியதும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"போலீசுக்குப் போன் போடறேன்."

"வேணாங்க்கா."

"என்ன வேணாம்? என் மண்டை பொளந்திருக்கும்! பிடிச்ச பிடியில அந்தக் கையை ஒடிச்சுப் போட்டிருக்க வேணாமா? இத்தனை வருஷமா கத்துக்கிட்டது எதுக்கு? நாலு பேர் முன்னாடி அறை வாங்கவா? பயந்துட்டீங்களா டாக்டரம்மா?"

"பயம்தாங்க்கா. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

டாக்டரம்மாவின் பார்வை பெஞ்சை விட்டு நகரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவர்கிட்ட இன்னும் சொல்லல. அவர் மனைவியக் காப்பாத்த முடியல."

ரிசப்ஷன் அக்கா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"குழந்தை பொழச்சிருச்சு. அதைத் தூக்கி வளர்க்க இனிமே அந்த ரெண்டு கைதாங்க்கா இருக்கு."