ஏறாத கோடு

"இன்னொண்ணு சாப்பிடுங்க," என்றாள் பேராசிரியை, செல்போன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எதிரே உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் அதற்காகவே காத்திருந்தவர்போல அடுத்த ஜாம் பன்னை எடுத்தார். டிப்போவில் அவருக்குப் 'புல்டோசர்' என்று பெயர். அவர் சாப்பிடுவதைப் பார்த்தால், பெயர் வைத்தவன் மேல் மரியாதை வரும்.

பன் போன இடம் தெரியவில்லை. மேலே சர்க்கரை தூக்கலாக ஒரு டம்ளர் டீயும் போயிற்று. பேராசிரியை பொறுமையாகக் காத்திருந்தாள். திரையில் ஓடிய பச்சைக் கோடு, இஸ்திரி போட்ட மாதிரி அப்படியே நேராகப் போனது.

"என்ன உடம்புங்க இது?"

"எல்லாம் வளர்ப்பு மேடம்," என்றார் புல்டோசர், மீசையில் ஒட்டிய ஜாமைத் துடைத்தபடி.

விஷயம் இதுதான். இனிப்பைக் குறைத்து, பொழுது சாய்வதற்குள் கடைசிச் சாப்பாட்டை முடித்துவிட்டால் ரத்தச் சர்க்கரை அடங்கும் என்று அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரை அண்மையில்தான் வெளியாகியிருந்தது. டிப்போ டிரைவர்களை இரண்டு குழுவாகப் பிரித்திருந்தாள். ஒரு குழு அவள் சொன்னபடி சாப்பிட்டது. மற்றது இஷ்டப்படி சாப்பிட்டது. எல்லோருக்கும் மேல்கையில் ஒட்டிக்கொள்ள ஒரு சென்சார். பொத்தான் அளவுதான், உள்ளே முடி போல ஓர் ஊசி. சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் அது செல்போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கட்டுரை வந்த பிறகும் ஆய்வின் அடுத்த கட்டம் தொடர்ந்ததால், யாரும் அதைக் கழற்றவில்லை.

சொன்னபடி சாப்பிட்டவர்களுக்குக் கோடு இறங்கியது. இஷ்டப்படி சாப்பிட்டவர்களுக்கு இறங்கவில்லை, ஒருவரைத் தவிர. அந்தக் குழுவில் இருந்த புல்டோசருக்கு எல்லோரையும்விட அதிகமாக இறங்கியிருந்தது.

அதை வேறொரு ஆராய்ச்சியாளர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எதையும் மாற்றாதவருக்கே இப்படி என்றால் உங்கள் சாப்பாட்டு முறைக்கு என்ன மதிப்பு என்று கேட்டுவிட்டார். ஆய்வோ சின்னது, ஒரே ஆள் தராசைச் சாய்த்துவிட்டார். பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அதனால்தான் பேராசிரியை பன் பொட்டலத்தோடு நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள்.

துருவித் துருவிக் கேட்டாள். நடக்கிறாரா? பஸ்ஸில் உட்கார்ந்தே பாதி ஆயுள் போகிறதாம். மாத்திரை? தலைவலிக்குக்கூடப் போட்டதில்லையாம். ராத்திரிச் சாப்பாடு? டூட்டி முடிந்து வந்து, டி.வி. முன்னால், வயிறு முட்ட. சமையலறையை எட்டிப் பார்த்தாள். அவருக்காக எண்ணெயில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு மட்டும் அதற்குள் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"சென்சார் சரியா ஒட்டியிருக்கில்ல?"

"அது பத்திரமா இருக்கு மேடம்," என்று முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார் புல்டோசர்.

அவர் மனைவி காலி டம்ளரை எடுக்க வந்தாள். சால்வையைப் போர்த்திய மெலிந்த உருவம். கைக்கடிகாரம் தளர்ந்து முழங்கைப் பக்கம் நழுவியது. பேராசிரியை ஒரு பன்னை நீட்ட, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அவளை விடுங்க மேடம். பொழுது சாஞ்சா பச்சத்தண்ணிதான். வாயைக் கட்டி என்னத்தைக் கண்டாளோ," என்று சிரித்தார் புல்டோசர்.

பேராசிரியை சிரிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறதைத் தவிர வேற வழி தெரியலை. இத்தனை வருஷ உழைப்பு. உங்க ஒரு உடம்பு கவுத்துடுச்சு."

மனைவி நின்றாள். "வாங்கிட்டா என்ன ஆகும் மேடம்?"

"நான் சொன்னது பொய்னு ஆகும். அப்புறம் யார் அப்படிச் சாப்பிடுவாங்க?"

மனைவி கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை. தட்டில் மிச்சமிருந்த ஜாம் பன்னை எடுத்து நின்றபடியே கடித்தாள். மருந்து குடிக்கிற முகத்தோடு முழுவதையும் மென்று விழுங்கினாள்.

"ஏய், என்ன காரியம் பண்றே?" புல்டோசரின் குரல் திடீரென்று இளைத்துப்போயிருந்தது.

"நீங்க செல்லை மட்டும் பாத்துட்டே இருங்க மேடம்," என்றாள் மனைவி.

பேராசிரியை ஒன்றும் புரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். மனைவி போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்திலேயே நின்றாள். மீன் ஆறிப்போயிற்று. புல்டோசர் விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

பச்சைக் கோடு மெல்லத் தலை தூக்கி, மளமளவென்று ஏறத் தொடங்கியது.

"ஊசியைப் பாத்தாலே இவருக்கு மயக்கம் வந்துடும் மேடம்," என்று சால்வையை விலக்கி மேல்கையைக் காட்டினாள் மனைவி. "முதல் நாளே என் கையில ஒட்டிவிட்டுட்டார். கோடு எகிறிக் கெடந்ததைப் பாத்துப் பயந்துதான், பக்கத்து வீட்டு டிரைவருக்கு நீங்க சொன்ன சாப்பாட்டை நானும் சாப்பிட ஆரம்பிச்சேன்."