ஆற்றில் ஊறிய சணல்கட்டு

ஆற்றுக்கு இக்கரை ஒரு நாடு, அக்கரை ஒரு நாடு. நார் உரிப்பதற்காகத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்த இக்கரைச் சணல்கட்டுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"எங்க விளைச்சல் மலைமலையா குவியுது. உங்களுது வருஷா வருஷம் தேயுதே, சோம்பலா?" என்று அக்கரையில் ஊறிய சணல்கட்டைச் சீண்டியது.

"எங்க தாத்தா காலத்துல நாங்கதான் குவிச்சோம்!" என்றது அக்கரைக் கட்டு.

நடுப்பாறையில் வெயில் காய்ந்த ஆமையிடம் இரண்டும் நியாயம் கேட்டன.

"எனக்கென்னப்பா தெரியும்?" என்றது ஆமை, இக்கரைக் கட்டிடம். "நான் இந்தப் பாறையை விட்டு நகர்ந்ததே இல்லை. அவங்க தாத்தா காலத்துல ஆறு பாறைக்கு அந்தப் பக்கமா ஓடுச்சு. வண்டலெல்லாம் அவங்களுக்கு. இப்ப உன் பக்கமா ஓடுது."

"இவ்வளவு பெரிய ஆறா நகர்ந்துச்சு?"

"இப்பவும்தான் நகருது."

தன்னைத் தாங்கியிருந்த தண்ணீர் ஓசையே இல்லாமல் அக்கரைப் பக்கம் சாய்வதை அப்போதுதான் இக்கரைச் சணல்கட்டு உணர்ந்தது.